ஆறு கிலோ

முதலில் பெட்டியை நிறுத்தார்கள்.
பிறகு என்னை ஏறச் சொன்னார்கள்.
மீன் நிறுக்கும் அதே இரும்புத் தராசு.
தட்டில் ஒரு செதில் காய்ந்து ஒட்டியிருந்தது.
செருப்பைக் கழற்றலாமா என்று கேட்டேன்.
"அதையும் விமானம்தானே சுமக்கணும்" என்றான் யோதேபா.
பயணச்சீட்டு அவன், பாதுகாப்பு அவன்,
ஓடுபாதையில் பன்றி விரட்டுவதும் அவனே.
எழுபத்தொன்று!
கூரைக்கடியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.
கரும்பலகையில் என் பெயர் பாதிதான் கொண்டது,
எண் முழுசாக.

ஏழு வாரம் இந்தத் தீவின் கிணறுகளில்
உப்பு அளந்தவன் நான்.
என்னை ஒருவர் அளந்து ஊருக்கு அறிவித்தது
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மூன்று சுவர், நான்காவது பக்கம் கடல்.
இதுதான் விமான நிலையம்.
தகர டிரம் ஏற்றிய பிக்கப் வண்டி தீயணைப்புத் துறை;
அதன் நிழலில் ஒருவர் வலை தைத்துக்கொண்டிருந்தார்.
வெள்ளைப் பவளப்பொடி ஓடுபாதையில்
ஒரு சிறுமி சைக்கிள் பழகினாள்.
வண்டி வந்தால் வானத்திலிருந்துதான் வரவேண்டும் என்பதால்
அவள் அம்மா திரும்பியும் பார்க்கவில்லை.

அடுத்து ரோத்தியா.
எட்டு மாதம். தாராவா ஆஸ்பத்திரிக்கு.
முள் ஆடி ஆடி நின்றது.
யோதேபா சாக்கட்டியைத் தூக்கிப் பிடித்து
"இருக்கை ஒன்றா, இரண்டா?" என்றான்.
எல்லோரும் சிரித்தார்கள்.
தராசைவிட்டு இறங்காமலே அவள் சொன்னாள்:
"இறக்கி வைக்க முடிஞ்சா
உன் மேசைமேலேயே வச்சிட்டுப் போவேன்."
இந்த முறை யோதேபாதான் சிரிக்கவில்லை.

கூட்டினான்.
எச்சில் தொட்டு அழித்து மறுபடி கூட்டினான்.
ரேடியோவில் விமானியிடம் என்னவோ கெஞ்சினான்.
ஆறு கிலோ அதிகம்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஒரு கருவாட்டுக் கூடை மெல்ல
பெஞ்சுக்கு அடியில் நகர்ந்தது.
படகு மோட்டாரின் விசிறியை மடியில் வைத்திருந்த இளைஞன்
குழந்தையை மூடுவதுபோல் அதைத் துண்டால் மூடினான்.

என் பெட்டியில் இருபத்துநான்கு குப்பிகள்,
தலைக்கு அரை லிட்டர்.
"உள்ளே என்ன?"
"தண்ணீர்."
"தாராவாவில் தண்ணீர் இல்லையா?"
விளக்க ஆரம்பித்தேன், நிறுத்திவிட்டேன்.
பதினேழாவது குப்பி அவன் வீட்டுக் கிணறு.

பாதி போதும் சோதனைக்கு.
அலுவலகத்தில் முழுசாகக் கேட்பார்கள்.
கேட்கட்டும்.

ஓடுபாதை ஓரம் குந்தி
ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன்.
சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்த சிறுமி
பெயரை வாசித்து வாசித்து மூடி திறந்தாள்.
தேபானோ. காபூத்தி. பள்ளிக்கூடம்.
அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத வீட்டின்
பொதுக் கிணறு.
பவளமண் ஒரு நொடிகூடத் தேக்கி வைக்கவில்லை.
போகிற இடம் எனக்குத் தெரியும்:
ஓராள் ஆழத்தில்
கடல்மேல் மிதக்கிற மெல்லிய நன்னீர்.
எடுத்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது,
பெயர்களையெல்லாம் மேலே விட்டுவிட்டு.

அப்புறம் எல்லாம் அவசரம்தான்.
விசில். பன்றி. புழுதி.
பன்னிரண்டு பேரும் முதுகு வளைத்து நுழைந்தோம்.
பெட்டி என் மடியில்,
பாதிக் குப்பிகள் முழுக் குப்பிகளைவிடச்
சத்தமாகக் குலுங்கின.

பக்கத்து இருக்கையில் ரோத்தியா.
"எங்க வீட்டுத் தண்ணி எது?"
தேடி எடுத்துக் கொடுத்தேன்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்,
வயிற்றின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டாள்.
"நல்லதா?"
"சோதிச்சாத்தான் தெரியும்" என்றேன்.
என் நாக்கு அதை எடுத்த அன்றே சொல்லியிருந்தது.

வளைந்து திரும்பியபோது
தீவு ஒரு வெட்டிய நகம் அளவு.
அங்கே அந்தப் பலகையை
வியாழன் விமானம் வரை யாரும் துடைக்கமாட்டார்கள்.
என் எழுபத்தொன்று இருக்கும்.
அதற்குக் கீழே அவள் எண்,
பக்கத்தில் யோதேபா
விளையாட்டாகப் போட்ட ஒரு கேள்விக்குறி.