கூட்டிருப்பு

"றோஸ்லெட்டுக்கு யாரு கூட்டிருப்பு?"
நர்ஸ் கூப்பிட்டால் பகலில் நான் எழுந்து நிற்பேன்.
இரவு எட்டு மணியானால் பெண்கள் வார்டிலிருந்து
ஆண்களை வெளியே அனுப்பிவிடுவார்கள்.
பாயும் பிளாஸ்கும் நானும்
ஆசாரிப்பள்ளத்து வராந்தாவில்.
உள்ளே ஏழாவது கட்டிலில் நீ.
நடுவில் கம்பிவலை அடித்த ஒரு ஜன்னல்.

முதல் நாள் காவலாளியிடம் சொல்லிப் பார்த்தேன்:
"இருபத்திரண்டு வருசம் ஒரே பாயி, ஒரே போர்வை."
அவர் சிரிக்கவில்லை.
"எல்லாருக்கும் அப்பிடித்தான் அண்ணாச்சி."

எட்டாவது கட்டிலில் முட்டத்துக் கிழவி ஒருத்தி,
அவளுக்குத் துணையாக மருமகள் டெல்பின்.
நான் கேட்கும் முன்பே சொன்னாள்:
"நீரு ஒறங்கும். நான் பாத்துக்கிடுதேன்."
ஒருத்தியை எப்படி ஒப்படைப்பது?
இடது பக்கம் திரும்பினால் இருமல் வரும் என்றேன்.
வெள்ளம் கேட்பாள், இரண்டு மடக்குக்கு மேல் கொடுக்கக்கூடாது.
வலித்தால் சொல்லமாட்டாள்,
வலதுகால் பெருவிரல் மட்டும் மடங்கும்.
டெல்பின் விரல்விட்டு எண்ணிக்கொண்டாள்,
ஏலத்தில் மீன் எண்ணுவதுபோல.

மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும்.
களியலில் மரங்கள் என்னை எதிர்பார்க்கும் நேரம்.
தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு
முந்நூறு மரம் ஓடி ஓடி வெட்டிய கை
மடியில் சும்மா கிடக்கிறது.
எழுந்துபோய் ஜன்னலில் நெற்றியை வைக்கிறேன்.
உன் கைக்குச் சொட்டு இறங்குகிறது.
எந்த மரம் எவ்வளவு நேரத்தில்
சிரட்டையை நிறைக்குமென்று பார்த்ததும் சொல்வேன்.
இந்தக் குப்பி குறைவது தெரிகிறது.
உனக்குள் எங்கே நிறைகிறதென்றுதான்
தெரியவில்லை.

எலிக்காய்ச்சல், கிட்னியைப் பிடித்துவிட்டது என்றார் டாக்டர்.
நம் ஜெறினைவிட நாலைந்து வயது மூத்திருப்பார்.
அவர் சொல்லும் எண்ணை மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதுகிறேன்.
நேற்று ஆறு புள்ளி எட்டு.
இன்று ஆறு புள்ளி ஐந்து.
புள்ளிக்குப் பின்னால் இறங்கிய மூன்றுக்காக
காவலாளிக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்தேன்.
எதற்கென்று அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் நாலிலிருந்து ஆறுவரை
நான் உன் மாப்பிள்ளை.
முதல் வேலை தலை சீவுவது.
பின்னலுக்கு மூன்று கால் வேண்டும் என்பதையே
இங்கே வந்துதான் படித்தேன்.
"வலிக்கா?"
"ஒம்ம கை காய்ச்சு கெடக்கு, முடி மாட்டுது."
சீப்போடு வந்ததைச் சுருட்டி
நீ பார்க்காதபோது சட்டைப்பையில் வைத்தேன்.
நீ பார்த்தாய்.

ஜெறின் போனில் கேட்கிறான், அம்மை சாப்பிட்டாளா என்று.
அரை டம்ளர் கஞ்சியை
ஒரு டம்ளர் ஆக்கிச் சொன்னேன்.

முந்தாநாள் விடியும்வரை மழை.
மழையில் யாருக்கும் வெட்டில்லை.
ஒரு நாள் கூலி போகவில்லையென்று
சாரலில் நனைந்த பாயைச் சுருட்டியபடி
கணக்குப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

நேற்று மத்தியானம் எட்டாவது கட்டில் காலியானது.
கிழவியை வண்டியில் ஏற்றிவிட்டு
டெல்பின் மட்டும் திரும்பி வார்டுக்குள் ஓடினாள்.
செருப்பை மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன்.
ஒன்பதாவது கட்டிலுக்குப் புதிதாக வந்திருக்கும்
மணவாளக்குறிச்சிப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு,
அழுத முகத்தைத் துடைக்காமல்,
ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.
இடது பக்கம் திரும்பினா இருமல்.
வெள்ளம் ரெண்டு மடக்கு.
பெருவிரலைப் பாத்துக்கோ.
பிறகு, நான் சொல்லாத ஒன்று:
"மூணு மணிக்கு முழிச்சு ஜன்னலைப் பாப்பா,
அவரு நிக்காரான்னு.
பாத்துட்டுக் கண்ணை மூடிக்கிடுவா.
அந்நேரம் நீ குறுக்க நிக்காத கேட்டியா."

நீ உறங்குவதாக அல்லவா
பதினோரு நாளாக நினைத்திருந்தேன்.

இன்று மூன்று மணிக்கு
குழாயில் முகம் கழுவி
உன் சீப்பால் தலையை வாரிக்கொண்டு
வந்து நிற்கிறேன்.