குறை எதுவும் காணப்படவில்லை

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும்.
தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கி
டயரை ஒருக்கால் தட்டிப் பார்த்துப் போகும்.
என்னுடையது அதற்கு ஒரு கட்டை முன்னாலேயே நிற்கும்,
கேட்காமல், சொல்லாமல்,
மஞ்சள் விளக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு.

முதல் தரம் நின்றபோது வாங்கி ஒன்பது நாள்.
சீற்றின் பொலித்தீன் உறையைக்கூடக் கழற்றவில்லை.

திங்களும் வியாழனும் இராசநாயகத்தார் பின் சீற்றில்.
வவுனியா ஆசுபத்திரியில் நாலு மணித்தியாலம்
இரத்தத்தைக் கழுவி அனுப்புவார்கள்.
பிந்தினால் கட்டிலில் வேறொருவர்.
"அவசரமில்லைப் பிள்ளை" என்பார்,
கால் வீங்கிச் செருப்புக்குள் போகாத மனுசன்.

ஆறு தரம் கொண்டுபோனேன் கொம்பனிக்கு.
கண்ணாடி அறை, குளிர், சின்னக் கோப்பையில் பால்கோப்பி.
ஆறு தரமும் காரைக் கழுவித் தந்தார்கள்.
ஆறு ஜொப் கார்ட்டிலும் ஒரே வரி:
குறை எதுவும் காணப்படவில்லை.
ஏழாந்தரம் மனேஜர் டில்ருக்சன்
குரலைத் தாழ்த்திக் கேட்டான்:
"அக்கா, முறிகண்டியானுக்கு
ஒரு தேங்காய் உடைச்சுப் பாத்தனீங்களோ?"

நான் கொன்சலற்றா.
அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவள்.
இருந்தும் உடைத்தேன்.
இரண்டு பாதியும் வெள்ளை வெளேரென்று விழுந்தன.
கார் ஓமந்தையில் நின்றது.

அன்றிரவு உத்தரவாதப் புத்தகத்தை
அட்டையிலிருந்து அட்டைவரை வாசித்தேன்.
"மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீற்றர்,
எது முதலில் வருகிறதோ அது."
முதலில் வந்தது லீசிங்காரன்.
ஐந்தாம் திகதிகளில்
அவன் மோட்டார் சைக்கிள் ஒருநாளும் பழுதாவதில்லை.

முறைப்பாடு தமிழில் எழுதிக் கொடுத்தேன்.
பதில் சிங்களத்தில் வந்தது.
அது சொன்ன நாளில் கச்சேரிக்குப் போனேன்.
கொம்பனியின் சட்டத்தரணி
என் பதிவுப் புத்தகத்தையே எனக்குத் திறந்து காட்டினார்:
"முழு உரிமையாளர், லீசிங் நிறுவனம்.
உரிமையாளர் முறையிடவில்லையே."

அப்ப நான் ஆர்?
தவணை கட்டுகிறவள்.
மாரி மழைக்குள் பொனற்றைத் திறந்துவைத்து
போகிற லொறிகளுக்கெல்லாம் கை காட்டுகிறவள்.

"பொம்பிளை ஓட்டுறா. கிளச்சிலை கால் வைச்சிருப்பா"
என்றார் பிறகு, அதிகாரியைப் பார்த்துச் சிரித்து.
ஏறிப் பார்ப்போம் என்றார் அதிகாரி.
முறிகண்டிவரை போய்த் திரும்பினோம்.
நாசமாய்ப் போன கார்
மாமியார் வீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளை மாதிரி
ஒரு இருமல்கூட இருமவில்லை.
அதிகாரி எனக்கும் ஒரு சரை கச்சான் வாங்கித் தந்தார்.
வீடுவரை அதை உடைக்க மனம் வரவில்லை.

அடுத்த தவணைக்கு, கட்டுகிற தவணை அல்ல, மற்றது,
இராசநாயகத்தார் வந்தார்,
கையில் ஒற்றைறூள் கொப்பி.
குடிக்கிறதை அளந்து எழுதச் சொல்லியிருந்தாராம் டொக்டர்.
அவர் எல்லாவற்றையும் எழுதியிருந்தார்.

காலை 5.10. தேத்தண்ணி, 80 மில்லி.
6.05. முறிகண்டிக்கு இப்பால் கார் நின்றது.
6.50. வெளிக்கிட்டது. குடிக்கவில்லை.
கனகராயன்குளம். நின்றது. நல்ல வெயில். நாக்கு நனைக்க 20.
புளியங்குளம். நின்றது. நெல் லொறிப் பொடியன் தள்ளினான்.
அவனுக்கு என் போத்தலைக் கொடுத்தேன். எனக்கு 0.

முப்பத்தொரு தரம்.

சட்டத்தரணி முதலில் விறுவிறென்று புரட்டினார்.
பிறகு மெதுவாக.
தன் முன்னால் வைத்திருந்த தண்ணீர்க் கிளாசை
கொப்பியில் படாத மாதிரி
கொஞ்சம் தள்ளி வைத்தார்.
வீடு போகும்வரை அதைத் தொடவில்லை.

வேறு கார் கொடு, இல்லையேல் காசைத் திருப்பு
என்று கடிதம் வந்தது. அதுவும் சிங்களத்தில்.
கொம்பனி மேலே முறையிட்டிருக்கிறது.
லீசிங்காரனுக்கு இதெல்லாம் தெரியாது,
அவனுக்கு ஐந்தாம் திகதி தெரியும்.

இன்று வியாழன். இன்னும் விடியவில்லை.
திறப்பைத் திருப்புகிறேன்.
பின் சீற்றில்
பேனை மூடி கழரும் சத்தம்.