கணக்குப்பிள்ளை

ஆறு பேர், ஆறு மிதவைச் சட்டை,
ஒரு பாய்.
மோட்டார் எங்கே என்று முதலில் கேட்டவர் கரூர்க்காரர்,
கொசுவலைத் தறி வைத்திருக்கிறாராம்.
இல்லை, காற்றுதான் என்றேன்.
எத்தனை குதிரைசக்தி என்றார், சிரிக்காமல்.

கோரையாற்றில் வாடை நல்லபடி இருந்தது.
ஆஞ்சானை இழுத்தேன். பருமல் ஏறிற்று.
பாய் ஒருமுறை உதறிக்கொண்டு
வயிறு வைத்தது.
அதற்குப் பிறகு பேச்சில்லை.
இரு கரையிலும் அலையாத்தி
இலையெல்லாம் உப்பு வேர்க்க நின்றது.
நக்கிப் பாருங்கள் என்றேன், வழக்கம்போல.
பள்ளிக்கூடத்துப் பையன் நக்கினான்,
பிறகு ஒவ்வொருவராக.
கரூர்க்காரர் இரண்டு இலை.

என்னிடம் மனப்பாடமாக ஒரு சொற்பொழிவு உண்டு:
மூச்சுவேர் ஏன் மேலே பார்த்து முளைக்கிறது,
தில்லைப் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும்,
கஜா வந்த இரவு எது நின்றது, எது சாய்ந்தது.
என் வீட்டுக் கூரையை அதில் சொல்வதில்லை.
அது கட்டணத்தில் சேராது.

அப்புறம் அந்தப் பறவை.
சேற்று விளிம்பில்
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டதுபோல்
தலை குனிந்து நாலடி போகும், நிற்கும்,
எதையோ கூட்டிப் பார்க்கும்,
ஒத்துவராமல்
மறுபடி நாலடி.
நான் இந்த வேலைக்கு வந்த வருஷம்
ஒரு அம்மாள் அதன் பெயர் கேட்டார்.
தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.
கணக்குப்பிள்ளை என்றேன்.

இன்று நான் வாய் திறக்கும் முன்பே
அணியத்தில் உட்கார்ந்திருந்த ஜெனிட்டா,
வேளாங்கண்ணிப் பக்கத்துப் பெண்,
அதோ கணக்குப்பிள்ளை! என்று கை நீட்டினாள்.
யாரும்மா சொன்னது?
எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தாண்ணே.

சுக்கானில் இருந்த கை
கொஞ்ச நேரம் என்னுடையதாக இல்லை.
படகு தடம் தப்பி
சேற்றில் ஏறிச் சொருகிக்கொண்டது.
தாங்குகோலை ஊன்றினேன்.
சேறு பாதிக் கோலை வாங்கிக்கொண்டு
திருப்பித் தர யோசித்தது.

எவ்வளவு நேரம் ஆகும்?
ஓதம் திரும்பும் வரை.
மணியில் சொல்லுங்க.
மூன்றரை என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

தண்ணீர் எங்களைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.
போகப் போக
அடியில் இருந்தவை வெளியே வந்தன:
ஒற்றைக் கை பெருத்த நண்டுகள்,
தலைக்கு மேல் கண் வைத்த உளுவை
துடுப்பை ஊன்றி ஊன்றி,
யாரோ எறிந்த தண்ணீர்ப் புட்டிக்குள்
குடியேறிய ஏதோ ஒன்று.
சேறு முழுக்கச் சின்னச் சின்னதாய் வெடிக்கும் சத்தம்,
தாளிப்பு அடங்குவதுபோல்.
கரூர்க்காரர் பையைத் திறந்து தட்டுவடை கொடுத்தார்.
செல்போனில் கோடு இல்லாததை
எல்லோரும் ஒருமுறை சரிபார்த்து
உள்ளே வைத்தார்கள்.

அசையாத படகை மரம் என்று நினைத்ததோ என்னவோ,
பறவை பத்தடியில் வந்தது.
எங்களை எண்ணியது.
முதலிலிருந்து மறுபடி எண்ணியது.

எனக்குத் தாங்கவில்லை.
அந்தப் பெயர் நான் சும்மா வைத்தது என்று சொல்லிவிட்டேன்.
ஜெனிட்டா சிரித்தாள்.
போங்கண்ணே, என் அம்மாவே அப்படித்தான் சொல்லும்.
உங்கள் அம்மா எப்போதாவது இந்தப் படகில் வந்தாரா
என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் கரூர்க்காரர் தீர்ப்புச் சொன்னார்:
சும்மா இருங்க, இது ராஜராஜன் காலத்துப் பேரு.

மூன்றரைக்குத் தண்ணீர் வரவில்லை.
நாலே காலுக்கு
அடிமரத்தில் யாரோ விரலால் தட்டியதுபோல் இருந்தது.
கொண்டல் எழுந்தது.
நான் இழுக்கட்டுமா என்று கயிற்றைக் கேட்டார் தறிக்காரர்.
தவறாக இழுத்தார். விட்டுவிட்டேன்.
பாய் கோணலாக ஏறி
கோணலாகவே நிறைந்தது.

திரும்பும் வழியில்
உப்பளப் பக்கமாய்ச் சாம்பல் நிறத்தில் ஒன்று
தாழப் பறந்து போயிற்று.
இது என்ன? என்றான் பையன்.
தெரியாது என்றேன்.
என் முகத்தையே பார்த்தான்.
அப்புறம் கன்னத்தில் கை வைத்து
படித்துறை வரும்வரை
யோசித்துக்கொண்டே வந்தான்.