நிறையாத குடம்

பத்மினிக்கு இஞ்சின் கட்டி முடித்து
இருநூறு கிலோமீட்டர்கூட ஆகவில்லை.
உமையாள் வக்கீல் சாவியை மேசையில் வைத்தார்:
"நேர்ரோட்டுல தங்கம்.
குன்றக்குடி வளைவுல மட்டும் முள் படுத்துருது."

ஆயில் பிரஷர் முள்.
நாற்பதிலிருந்து ஐந்துக்கு,
ஒரு மூச்சு இழுக்கும் நேரம்.
பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுந்துகொள்ளும்.
பம்ப் மேல் பழி போட்டேன்.
மாற்றினேன். பில்லும் போட்டேன்.
முள் மறுபடி படுத்தது.

அப்புறம்தான் சம்ப்பைக் கழற்றிப் பெஞ்சில் வைத்து
மூன்றரை லிட்டர் ஊற்றி
ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தேன்.
எண்ணெய் மொத்தமும் ஓடி எதிர்ச்சுவரில் ஏறியது.
சல்லடை உறிஞ்சும் இடம் வெறுந்தகரம்.
கண்ணாடிபோல் இருந்த புது பேரிங்கில்
நகக்கீறல் விழுந்தது இப்படித்தான்.

நிறைகுடம் தளும்பாது, சரி.
இந்தக் குடத்தை நிறைக்க வழியில்லை,
கிராங்க் அடித்து நுரையாக்கிவிடும்.
குறைகுடமாகவே இருக்கவேண்டும்,
கூத்தாடவும் கூடாது.

ஜபருல்லா சிரித்தான். லாரிக்கு டேங்க் அடிப்பவன்.
"சம்பைத் தண்ணி ஏத்துற வண்டிக்கு
உள்ள குறுக்குச் சுவர் இருக்குண்ணே.
இல்லாட்டி பிரேக் போட்டா
வண்டிய ஓட்டுறது தண்ணிதான்."

பதினாறு கேஜ் தகடு. சல்லடையைச் சுற்றி நாலு சுவர்.
இடமும் வலமும் ஒவ்வொரு கதவு,
உள்பக்கம் மட்டும் திறக்க.
கீலுக்கு முனீஸ்வரன் கோயில் தெரு.
மூடி உடைந்த கைப்பெட்டி ஒன்று,
ரங்கூனில் வட்டிக்காசு எண்ணியதாம்.
கடைக்காரர் சொன்னதை நம்பவில்லை,
கீலை நம்பினேன்.
எண்ணெய்க்கும் இனி அந்தக் கணக்குத்தான்:
வரவு உண்டு, போக்கு இல்லை.

மேலே ஒரு துளைத்தட்டு.
களிமண் உருட்டி ஒட்டி, கிராங்கைக் கையால் சுற்றி
இடைவெளி பார்த்தேன். நாலு மில்லி. போதும்.
எல்லாம் பற்றவைத்து, மூடி, போல்ட் இறுக்கியபின்
டிப்ஸ்டிக் இறங்கவில்லை.
அதற்கு ஓட்டை விட மறந்திருந்தோம்.
யார் மறந்தது என்பதை
இன்றுவரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை அவர் ஓட்டினார்.
நான் ரோட்டையே பார்க்கவில்லை.
வளைவு வந்தது
என் தோள் கதவில் இடித்தபோது தெரிந்தது.
முப்பத்தெட்டு.
திரும்பிப் போய் மறுபடி.
முப்பத்தெட்டு.
மூன்றாம் முறை கேட்காமலே வேகம் கூட்டினார்.
டாஷ்போர்டுப் பிள்ளையார் சரிந்து
என் மடியில் விழுந்தார்.
முள் விழவில்லை.

இரவு எட்டு மணிக்குப் போன்.
"முள்ளெல்லாம் சரி.
பள்ளத்தூர் வீட்ல வண்டி நிறுத்துற எடத்துல
ஆத்தங்குடிக் கல்லு மேல
தேன் கலர்ல ஒரு சொட்டு.
இது யாரு கணக்கு?"

டிரெயின் போல்ட்டின் செம்பு வாஷர்.
பழசையே போட்டிருந்தேன்,
உள்ளே அத்தனை சுவர் வைத்தவன்.