திதி வெண்பா

பாதை பூட்டிய இரண்டாம் வருஷம்.
கடதாசி கப்பலில் வரவேண்டும்.
"ஐம்பது பிரதி போதும்" என்றார் அருட்செல்வம்,
சைக்கிளை அச்சகச் சுவரில் சாத்தியபடி.
மருமகனுக்குக் கல்வெட்டு.
முப்பத்தோராம் நாள் வெள்ளிக்கிழமை.

பெயர் சேந்தன். வயது இருபத்திரண்டு.
பிறந்தது இணுவில். இறந்தது கந்தகார்.
இடையில் ஸ்காபரோ.
தொழில்?
ஒரு சொல்லை ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.
கிழமை நாட்களில் பல்கலைக்கழகமாம்,
சனி ஞாயிறில் பயிற்சியாம்.
யார் போறது என்று கேட்டபோது
கையைத் தூக்கினானாம்.

அகராதி சொன்னது: சேமப்படை.

சேமமாய் இருக்கட்டும் என்றுதானே
தோட்டக்காணி நாலு பரப்பை விற்று
பத்து வயதில் அனுப்பினார்கள்,
எந்தப் படையும் பிடித்துக்கொண்டு போகாதபடி.
அந்தச் சொல்லை வைத்தேன். எடுத்தேன்.
'மாணவன்' என்று அடித்தேன்.

படத்தில் சீருடை. பின்னால் சிவப்பு இலைக்கொடி.
"இதை வைச்சுக்கொண்டோ
மருதனார்மடம் சென்றியால வந்தனீங்கள்?"
"இடியப்பத்துக்குக் கீழ" என்று
சாப்பாட்டுப் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.
ஸ்ரூடியோக் கபிலன் கழுத்தோடு வெட்டி
நீலக் கோட்டும் ரையும் மாட்டிவிட்டான்.
மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.
கோட்டு கொஞ்சம் பெரிது.

திதியில்தான் சிக்கல்.
கந்தகாரில் விடியப்புறம்.
எங்களுக்கு அப்போது வெயில் ஏறியிருக்கும்.
ஸ்காபரோவில் இன்னும் முதல்நாள் பொழுது.
ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார், மூடினார்.
"தாய் எத்தினை மணிக்குக் கேள்விப்பட்டவ?"
அதையே வைத்தோம்.

வெண்பா என் பொறுப்பு.
இருநூறுக்கு மேல் எழுதியிருக்கிறேன்,
அந்த வருஷம் மட்டும் நாற்பது.
கந்தகார் கூவிளம், பிசகில்லாமல் நின்றது.
ஈற்றுச்சீர் மட்டும் இரவு முழுக்க வரவில்லை.
நாள், மலர், காசு, பிறப்பு:
இந்த நாலில் ஒன்றாய் முடியவேண்டும்.
இறப்பு என்று முடித்துப் பார்த்தேன்.
அதற்கும் வாய்பாடு
பிறப்புத்தான்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி, நாவற்குழிப் பாலம்.
ஊரே மழைக்குள் நகர்ந்துகொண்டிருந்தது,
ஓரடி, பிறகு ஓரடி.
என் சைக்கிள் பாரில் இருந்தவன் அவன்.
தாய் முன்னால் எங்கேயோ,
தலையில் தையல் மெசினின் மேற்பாதியோடு.
"அண்ணை, கால் விறைக்குது.
இறங்கி நடக்கட்டோ?"
"துலைஞ்சுபோவாய், பேசாமல் இரடா" என்றேன்.
இருந்தான்.

இதை எந்தத் தளைக்குள் கட்டுவது?
கல்வெட்டில் இது இல்லை.

ஐம்பது பிரதியையும்
பழைய பேப்பரில் சுற்றிக் கரியரில் கட்டினார்.
வெண்பாவுக்குக் காசு வேண்டாம் என்றேன்;
கேளாதவர்போல் மேசையில் வைத்தார்.
"சென்றியில மறிச்சால் என்ன சொல்லுவீங்கள்?"
"வெளிநாட்டில பிள்ளை ஒண்டு.
வருத்தம் எண்டு சொல்லுவன்."

ஊரடங்குக்கு நாற்பது நிமிஷம் இருந்தது.
பின்சில்லுக்குக் காற்றுப் போதாது.
பம்பை எடுக்க உள்ளே போனேன்.