முதல் கரண்டித் தண்ணீர்

கீலுங்கில் மழை பெய்தால் யாரும் பேசமாட்டார்கள்,
நின்றால்தான் செய்தி.
அப்படி நின்ற ஒரு காலையில்
மீன் ஏலம் முடித்து
எட்டு மணிக்கு வீடு திரும்பினேன்.
தைவானுக்கெல்லாம் அது பொழுது விடிந்த நேரம்.
எங்களுக்கு இரவுச் சாப்பாடு.

ரப்பர் பூட்ஸை வாசலில் உதறி
எலுமிச்சை, உப்பு, பற்பசை என்று
கையை மூன்று முறை கழுவி
மோந்து பார்த்தேன்.
இன்னும் கானாங்கெளுத்தி.

வென்-போ மீனை விட்டு ஐந்து மாதம்.
கறியை, முட்டையை, பாலை, தேனைக்கூட.
சாமிக்கு நேர்ந்துகொள்ளவில்லை,
டாக்டரும் சொல்லவில்லை.
பாலத்தடி உணவகத்தின் கண்ணாடித் தொட்டியில்
ஒரு களவா மீன் அவனைப் பார்த்ததாம்.
அவ்வளவுதான்.
"எப்படிப் பார்த்துச்சு?"
"ஆளைத் தெரிஞ்ச மாதிரி."

பதினெட்டு வருடமாகக் களவா விற்கிறேன்.
ஒன்றுகூட என்னை நலம் விசாரித்ததில்லை.

இன்று என்ன சமையல் என்று சொன்னதும்
பக்கத்துக் கடை அ-சூய் சிரித்தாள்:
"எள்ளு எண்ணெய்க்குக் காயுது,
எலிப்புழுக்கை, நீ எதுக்கடி காயிறே?"
எள் விழ இடமில்லாத அந்தக் கூட்டத்தில்
எள்ளையே நினைத்துக்கொண்டு
கணவாயை எடைபோட்டேன்.

கோதுமை நூடுல்ஸ்.
பாக்கெட்டின் முதுகைக் கண்ணாடி போட்டுப் படித்தேன்,
முட்டை இல்லை.
ஓர் அடுப்பில் தண்ணீர், மற்றதில் எண்ணெய்.
மிளகாய்த் தூளும் இடித்த பூண்டும்
நாக்கை மரக்கவைக்கும் அந்தச் சிச்சுவான் மிளகும்
கிண்ணத்தில் காத்திருக்க,
புகையும் எண்ணெயை ஊற்றினேன்.
வீடே தும்மியது.
வீடென்றால் அவன்தான்.

பிறகு எள்ளு விழுது.
ஜாடியின் அடியில் சிமெண்டாய் உட்கார்ந்திருந்ததைத்
தோண்டி எடுத்து
சோயா சாஸ், கறுப்பு வினிகர், கொஞ்சம் சர்க்கரை,
நூடுல்ஸ் வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி.
கலக்கினேன்.
இறுகியது.
இளகத்தானே தண்ணீர் விடுவார்கள்?
இது திரண்டு, திரிந்து,
ஈர மணலாய்க் கரண்டியைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்றது.

எனக்கு இது புதிதில்லை.
ஐந்து மாதமாக
நல்ல சொல்லாய்ப் பார்த்து ஒன்று விடுவேன்,
வீடு இன்னொரு சுற்று இறுகும்.

கொட்டிவிடப் போனேன்.
மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தவன்
மணிக்கட்டைப் பிடித்தான்.
"இன்னும் ஊத்து."
"ஊத்தித்தான் இப்படி ஆச்சு."
"கொஞ்சமா ஊத்தி இப்படி ஆச்சு."

இரண்டாவது கரண்டி. ஒன்றுமில்லை.
மூன்றாவதில் ஓரத்தில் ஒரு பளபளப்பு.
அதற்குப் பிறகு எண்ணவில்லை.
சட்டென்று மொத்தமும் மனசு மாறி
கரண்டியிலிருந்து நாடாவாய் இறங்கியது.

வெள்ளரிக்காயை நறுக்கவில்லை,
கத்தியைப் படுக்கவைத்து அறைந்தேன்.
அது ஐந்து மாதத்துக்கும் சேர்த்து.

அலமாரியில், கை எட்டும் தூரத்தில்,
காய்ந்த இறால் டப்பா.
ஒரு சிட்டிகை போதும், எங்கேயோ போய்விடும் ருசி.
மூடியைத் தொட்டேன்.
பக்கத்திலிருந்த வேர்க்கடலையை எடுத்தேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து
துறைமுகத்துப் பளுதூக்கிகளைப் பார்த்தபடி
சத்தமாக உறிஞ்சினோம்.
உதடு மரத்துப்போய்
அவன் சொன்ன 'நல்லாயிருக்கு'
வேறேதோ ஊர்ப்பேர் போல வந்தது.
"கை நாறுதா?" என்றேன்.
இழுத்து மோந்து பார்த்தான்.
"பூண்டு" என்றான்.
பொய்.

அன்றிரவு மறுபடி மழை.
மூன்றாம் கூடையில் ஒரு களவா
வாயைத் திறந்து, மூடி,
என்னைப் பார்த்தது.
நானும் பார்த்தேன், கொஞ்ச நேரம்.
"கிலோ என்ன?" என்றார் குடையோடு ஒருவர்.
சொன்னேன். தராசில் வைத்தேன். கட்டிக் கொடுத்தேன்.

அந்தக் காசில்
வரும் வழியில் எள்ளு விழுது வாங்கினேன்.
பெரிய ஜாடி.