படிவம் 214

அனுப்பர்பாளையத்தில் நானூறு வீடு.
சராசரி வருமானம் பதினெட்டாயிரத்துச் சொச்சம்.
அந்தச் சொச்சத்தில் ஒருவரும் குடியில்லை.

இருநூற்றுப் பதினாலாம் படிவத்தில்
அறை ஒன்று, ஆள் ஆறு,
பாய் மூன்று.
கணிப்பொறி சிவப்புக் காட்டியது.

கேட்டு எழுதி வந்த துளசிமணிக்குப் போன் போட்டேன்.

"தப்பில்லீங் சார்.
மூணு பேரு பகல் சிப்டு, மூணு பேரு நைட்டு.
பனியன் கம்பெனியில மிசின் ஆறுறதில்ல,
இங்க பாய் ஆறுறதில்லீங்.
ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்கன்னேன்.
மூணு பேரு ரெண்டாம் ஆட்டம் போயிருவமுங்கன்னு
சிரிச்சாங்க.
வரக்காப்பி குடுத்தாங்க சார்,
டம்ளரும் மூணுதான்."

டம்ளருக்குப் படிவத்தில் கட்டமில்லை.

ஆறை மூன்றாகத் திருத்தினால்
ஊரின் நெருக்கடி விகிதத்தில்
தசமத்துக்கு அப்பால் மூன்றாம் இடம் அசையும்.
அறிக்கையில் ஓர் இடம்தான் அச்சாகும்.
திருத்தினாலும் தெரியாது, விட்டாலும் தெரியாது.
அதற்குத்தான் அரைமணி நேரம்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆறென்றே விட்டேன்.
சிவப்பு போகவில்லை.
குறிப்புப் பத்தியில் ஒரு வரி சேர்த்தேன்:

ஆறு பேர்.
ஞாயிறு மட்டும்,
ரெண்டாம் ஆட்டம் விட்ட பிறகு.